ஒரு வேளைக் கரண்டி

மூன்றாவது மாடி, முந்நூற்று ஆறாம் நம்பர் ரூம்.
ஜன்னல் கட்டையில் ஏழு வெள்ளைக் கரண்டிகள்
குப்புறக் கவிழ்ந்து காய்கின்றன.
எல்லாம் தயிர்சாதப் பொட்டலத்தோடு வந்தவை,
ஒரு வேளைக்கென்று பிறந்தவை.

சம்பூரணத்துக்குத் தொண்டையில் கரண்ட் வைக்கிறார்கள்.
திங்கள் முதல் வெள்ளி வரை, மொத்தம் முப்பது.
டோக்கன் நம்பர் வர ஒன்றரை மணி நேரம்,
உள்ளே போய் வர ஏழு நிமிஷம்.
மீதிப் பொழுது
இந்த ஃபேனுக்குக் கீழே நாங்கள்.

முதல் வாரம் தூக்கித்தான் போட்டேன்.
கவர், டப்பா, கரண்டி எல்லாம் ஒரே முடிச்சு.
"நாளைக்கோ நாளான்னிக்கோ போகப் போறோம்,
இதையெல்லாம் எதுக்குச் சேக்கறது?"
முப்பதை ஐந்தால் வகுக்கத் தெரியாதவன் போல.

அவள்தான் முதலில் எடுத்தாள்.
பேசக் கூடாதென்று சொல்லியிருந்ததால்
ஒரு வார்த்தை இல்லை.
முடிச்சை அவிழ்த்து, சோப்புப் போட்டு,
விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து
ஜன்னலில் வைத்தாள்.

நான் சேத்துப்பட்டில் டிராக்டர் மெக்கானிக்.
பெட்ரோலில் கழுவி எத்தனை பிளக்கைத்
திரும்ப மாட்டியிருப்பேன்.
தேய்ந்த வாஷரைத் திருப்பிப் போட்டு
ஒரு போகம் ஓட்டிக் கொடுத்திருக்கிறேன்.
ஆனால் வாய்க்குள் போகிற சாமான் வேறு.
அதுவும் அந்த வாய்.
சளி பிடித்தவன் பக்கத்தில்கூட நிற்க வேண்டாம் என்று
சிஸ்டர் சொல்லியனுப்பிய வாய்.

சரி, கொதிக்க வைப்போமென்று கெட்டிலில் போட்டேன்.
எடுத்தபோது கழுத்து மடங்கி
கரண்டி எனக்குக் கும்பிடு போட்டது.
சிரித்தாள். சிரித்தால் வலிக்கும்,
தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்தது மரக்கரண்டி.
"பிளாஸ்டிக்குக்குத் தடை சார், இனிமே இதான்"
என்றார் மெஸ்காரர்.
குச்சி ஐஸின் மிச்சக் கட்டை அது.
சிலாம்பு உதட்டில் ஏறியது.
மறுநாள் போய்ச் சொன்னேன்.
பேசாமல் மேசைக்கடியில் குனிந்து
வெள்ளைக் கரண்டி ஒன்றை
லஞ்சம் போலப் பொட்டலத்தில் சொருகினார்.

பிறகு லாங் பஜாரில்
பதினெட்டு ரூபாய்க்கு எவர்சில்வர் வாங்கினேன்.
"பேர் வெட்டித் தரட்டாண்ணா?" என்றான் கடைப்பையன்.
வேண்டாமென்று வந்துவிட்டேன்.
சம்பூரணம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
நோட்டில் எழுதிக் காட்டினாள்:
"இங்கயே குடித்தனமா?"

அதில் ஒரு வாய் ஊட்டினேன்.
முகம் கோணியது. அடுத்த வரி:
"ஆணிய நக்கறாப்பல."

பக்கத்து ரூம்காரர் மால்டாவிலிருந்து வந்தவர்.
பாதி இந்தி, பாதி கையசைப்பில் விளக்கினார்:
வைத்தியம் நடக்கும் நாக்குக்கு இரும்பு அப்படித்தான்,
தன் மனைவிக்கும் அதே கதை.
அவர் கழுவுகிற ஜாதியில்லை.
நூறு கரண்டிப் பாக்கெட்டாக வாங்கி வைத்து
ஒன்று ஒன்றாக எறிந்தார்.
போன வாரம் காட்பாடிக்கு ஆட்டோ ஏறுமுன்
மீதிப் பாக்கெட்டை
எங்கள் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனார்.
தனியாகத்தான் போனார்.

எண்ணிப் பார்த்தேன். அறுபத்து மூன்று.
சம்பூரணம் அதைப் பிரிக்க விடவில்லை.

இப்போது நானும் கழுவுகிறேன்.
கொதிக்கிற தண்ணீர் ஆகாது, பச்சைத் தண்ணீருக்கு மனசில்லை.
வேலூர் வெயில் குடித்த மொட்டைமாடி டேங்க்
ராத்திரி ஒன்பது மணிக்கும் சுடுகிறது.
குழாயைத் திறந்தால் போதும்.
ரசத்தின் மஞ்சள் மட்டும் போக மாட்டேனென்கிறது.
குழியில் தேய்க்கிறேன், காம்பில் தேய்க்கிறேன்,
இன்று ஒன்றின் நுனியில் கீறல்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
அதைக் கூடையில் போட்டேன்.

இன்னும் எட்டு கரண்ட்.
ஆறு கரண்டி.

கட்டிலிலிருந்து நோட்டைத் தூக்கிக் காட்டுகிறாள்:
"போதும்."

குழாயை மூடினேன்.